மாப்பிள்ளை, பையைத் திறங்க

கடையில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, அது சம்பளப் பட்டியலோடு சரி. ஊசியிலிருந்து பீரோ வரை விற்கும் ஐந்து மாடிக் கடை அது. வேலை முடிந்து கிளம்பும் பெண்கள் ஊழியர் வாசலில் அவளிடம் பையைக் காட்டிவிட்டுத்தான் வெளியே கால் வைக்க வேண்டும். அவர்கள் ஜிப்பில் கை வைப்பதற்குள்ளேயே, "அந்த நகப்பூச்சுக்கு பில் எங்கம்மா?" என்று கேட்டுவிடுவாள். பத்து வருஷமாக அந்த வாசலில் ஒரு குண்டூசி தப்பியதில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு வாசலில் நிற்கத் தகுதி இருக்கிறதா என்று அரசாங்கத்துக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஏஜென்சியிலிருந்து வரும் காவலாளிகளுக்குத்தான் இதுவரை பயிற்சி, பதிவு, அட்டை என்று ஆயிரத்தெட்டு கெடுபிடி. கடையே நேரடியாகச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் காவலாளிகளை ஏன் என்று கேட்க நாதியில்லை. அதையும் விடவில்லை, சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இனிமேல் சம்பளம் யார் கொடுத்தாலும் சரி, சீருடை போட்டு வாசலில் நிற்கிறவர் பயிற்சி எடுத்து, தேர்வில் தேறி, கைரேகை பதிந்து, அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும். அட்டை இல்லாதவர் அடுத்த மாதத்திலிருந்து வீட்டு வாசலில் நின்றுகொள்ளலாம்.

"பத்து வருஷமா நிக்கிறவளுக்கு நிக்கக் கத்துக் குடுக்கப் போறாங்களாக்கும்?" என்று மேனேஜரிடம் பொரிந்து தள்ளினாள்.

"என்னை ஏன்க்கா முறைக்கிறீங்க? சட்டம் போட்டவங்களப் போய் முறைங்க," என்றார் அவர்.

வாய்தான் வெளியே அப்படிக் கிழிந்ததே தவிர, உள்ளே அவளுக்கு உதறல். தேர்வை நினைத்து அல்ல. தன் தலையை நினைத்து. ஒரு மாதமாக வீட்டில் டிவி ரிமோட் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

சிரிக்காதீர்கள். ரிமோட் இல்லாவிட்டால் அந்த டிவி வெறும் கண்ணாடி. அதன் பொத்தான்கள் என்றைக்கோ உயிரை விட்டுவிட்டன. சாயங்காலம் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தால் ரிமோட் இருக்காது. சோபாவைக் கவிழ்ப்பாள், மெத்தையைப் புரட்டுவாள், அரிசிப் பானைக்குள்கூடக் கையை விட்டுப் பார்ப்பாள். கிடைக்காது. இரண்டு மூன்று நாள் கழித்து அதுவே அவள் தலையணைக்கு அடியில் சாதுவாகக் கிடக்கும். இல்லாவிட்டால் ஃபிரிட்ஜ் மேல். தான் வைத்ததாகத் தலைகீழாக நின்று யோசித்தாலும் ஞாபகம் வராது. மறுபடி நாலு நாள் காணாமல் போகும்.

"நீதாம்மா எங்கயாவது வச்சுட்டு மறந்துடுற," என்றாள் மகள். முதல் வாரம் சிரித்துக்கொண்டே சொன்னாள். இரண்டாவது வாரம் சிரிப்பு இல்லை. மூன்றாவது வாரம், "வேலைய விட்டுடும்மா. வீட்டுல ரிமோட் தொலைஞ்சா பரவால்ல, கடையில ஒரு சாமான் தொலைஞ்சா உன் தலையில கட்டிடுவாங்க," என்றாள்.

இதுதான் எக்ஸ்ரேயைத் தூங்கவிடாமல் செய்தது. புருஷன் போன பிறகு மகள் வீட்டோடு வந்து சேர்ந்தவள் அவள். மருமகன் வீட்டில் சாப்பிடுகிறோம் என்ற உறுத்தல் இல்லாமல் அவள் சோறு தொண்டைக்குள் இறங்குவதற்கு ஒரே காரணம் அந்த வேலை. அது போனால் வீட்டு மூலையில் இன்னொரு சோபா மாதிரிதான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அடுப்பை அணைத்தோமா என்று இப்போதெல்லாம் போய்ப் போய்ப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். மகள் சொல்வது நிஜம்தானோ, தனக்குக் கழன்றுகொண்டுதான் வருகிறதோ என்று அவளே நம்பத் தொடங்கிவிட்டாள்.

பயிற்சி வகுப்பு ஒரு டயர் கடையின் மாடியில் நடந்தது. ரப்பர் நாற்றத்தில் நாள் முழுக்கத் தலை கனக்கும். நடத்தியவர் போலீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில். கேள்வி கேட்டால் விசில், சரியான பதிலுக்கு விசில், தப்பான பதிலுக்கு விசில், சாப்பாட்டுக்கும் விசில். அதனால் அவர் பெயரே விசில் ஆகிவிட்டது.

"நீங்க யாரு?" என்று முதல் நாளே கத்தினார். "போலீஸா?"

"இல்ல சார்!"

"உங்களுக்கு ஒருத்தரை அடிக்க உரிமை உண்டா? பையில கைய விட்டுத் துழாவ உரிமை உண்டா? பொருளைப் பிடுங்கி வச்சுக்க உரிமை உண்டா?"

"இல்ல சார்!"

"அப்ப என்னதான்யா உண்டு உங்களுக்கு? கண்ணு ரெண்டு, வாய் ஒண்ணு. பாக்கணும், கேக்கணும், சொல்ல வேண்டிய எடத்துல சொல்லணும். பையை அவங்களேதான் திறக்கணும். நீங்க திறக்கக் கூடாது. அவங்க திறக்குற வரைக்கும் பொறுமையா நிக்கணும். இதுக்குத்தான் சம்பளம்."

தீயணைக்கும் சிலிண்டரைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தாள். மயங்கி விழுந்தவரை எப்படிப் படுக்க வைப்பது என்றார், படுக்க வைத்தாள். சட்டப் பாடத்தில் ஆண்கள் பாதிப் பேர் கொட்டாவி விட்டபோது அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது செய்முறைத் தேர்வு மட்டும். அதாவது வாசலில் ஒருவரை நிறுத்திப் பையைச் சோதிப்பது. பத்து வருஷமாகச் செய்கிற வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வாள்.

விதி எங்கே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது தெரியுமா? ஜோடி பிரித்ததில்.

"ஒரே கடைக்காரங்க ஜோடி சேருங்க. ஒருத்தர் காவலாளி, ஒருத்தர் திருடன்," என்றார் விசில். "நீங்க அந்த அஞ்சு மாடிக் கடைதானேம்மா? இதோ, இவரும் அங்கதான்."

அவர் கை காட்டிய ஆள், கடையின் பின்பக்கம் லாரிகள் வரும் கேட்டில் காவல் நிற்பவன். அவளுடைய சொந்த மருமகன். அவள் மேனேஜரிடம் சொல்லித்தான் அவனுக்கு அந்த வேலையே கிடைத்தது. ஆனால் கடையில் அவள் முன்வாசல், அவன் பின்வாசல். ஷிஃப்டும் வேறு, அவன் விடியற்காலையில் கேட் திறக்க வேண்டியவன். வீட்டிலும் ஒருவர் ஹாலுக்கு வந்தால் ஒருவர் அடுக்களைக்கு ஒதுங்கிவிடுவார்கள். பேச்சு வார்த்தை எல்லாம் மகள் வழியாகத்தான். "அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துடி" என்று இவள் சொல்வாள். "அத்தைகிட்ட போதும்னு சொல்லு" என்று அவன் சொல்வான். இவ்வளவுக்கும் இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது ஒரு குழம்புக் கிண்ணம். மூன்று வருஷமாக இந்தக் கூத்து. மரியாதையாம், மண்ணாங்கட்டியாம்.

"சார்," என்றாள் எக்ஸ்ரே மெதுவாக. "இவங்க எங்க வீட்டு மாப்பிள்ளை."

"அதனால?"

"மாப்பிள்ளை சார்!"

"ஏம்மா, திருடனுக்கு மாமியார் இருக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?" விசில் ஊதிவிட்டார்.

மருமகனின் கறுப்புப் பைக்குள் கடை விலைச்சீட்டோடு ஒரு சாக்ஸ் பாக்கெட்டை விசிலே போட்டிருந்தார். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவை நோக்கி நடந்து வந்தான். அவள் எதிரே நிமிர்ந்து நின்றாள். வாயைத் திறந்தாள்.

"வாங்க மாப்பிள்ளை."

வகுப்பே குலுங்கியது. விசில் காது கிழிய ஊதினார். "வாங்கன்னா என்னம்மா அர்த்தம்? அவரு வெளிய போறாரு! திருடிட்டுப் போறாரு! மறுபடி!"

மறுபடி வந்தான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"போயிட்டு வாங்க மாப்பிள்ளை."

மூன்றாவது தடவை வாயையே திறக்கவில்லை. அவன் கிட்டே வந்ததும் பழக்க தோஷத்தில் உடம்பு தானாகச் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டது. அவனும் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கி, திருடிய சாக்ஸோடு தெருமுனை வரை போய்விட்டான். ஆள் விட்டுத்தான் திரும்பக் கூட்டி வர வேண்டியிருந்தது.

"ஃபெயில்," என்றார் விசில். "நாளைக்கு இன்னொரு தடவை பாப்போம். அதுலயும் இதே கதைன்னா அடுத்த பேட்ச்தான். அதுக்கு எத்தனை மாசம் ஆகுமோ, எனக்குத் தெரியாது."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சரி, சறுக்கட்டும். ஆனால் ஆனை சறுக்கும்போது நாற்பது பேர் கைதட்டிச் சிரித்தால் அது எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்ளும்?

அன்று மாலை மகள் தட்டைக் கழுவிக்கொண்டே ஆரம்பித்தாள். "பாத்தியாம்மா, பத்து வருஷம் செஞ்ச வேலையே மறந்து போச்சு. இதுக்கு மேல என்ன வேணும்? நாளைக்குப் பாஸானா போ, நான் தடுக்கல. இல்லன்னா பேசாம வீட்டுல இரு. நாங்க பாத்துக்க மாட்டமா?"

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் அதிகமாக வலித்தது. அவளைப் பெற்றவளுக்கு நாக்கின் நுனி வரை பதில் வந்தது, ஆனால் கூடவே அந்தப் பாழாய்ப்போன ரிமோட்டும் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கும் அது காணோம். பதிலை விழுங்கிக்கொண்டு எழுந்தாள். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுத்தாள். எழுந்து போய் இன்னொரு தடவையும் பார்த்தாள்.

மறுநாள் விசில் அவளைத் தனியே கூப்பிட்டார். மனிதர் முரடுதான், ஆனால் கெட்டவர் இல்லை.

"ஒண்ணு சொல்றேன் கேளுங்கம்மா. நீங்க மாப்பிள்ளையப் பாக்காதீங்க. முகம்னு ஒண்ணு இருக்குறதையே மறந்துடுங்க. பையை மட்டும் பாருங்க."

விசில் ஊதினார். பை வந்தது. ஆமாம், பைதான் வந்தது. அதைத் தோளில் சுமந்து வந்த ஆள் எப்படியோ போகட்டும். கறுப்புப் பை, இடது வார் தைத்தது, நடுவில் டிபன் பாக்ஸின் புடைப்பு, தண்ணீர் பாட்டில் ஒன்று. எல்லாம் ஒரு பார்வையில் தெரிந்தது. தெரியத் தெரிய அவளுடைய முதுகு நேரானது. பக்கவாட்டு ஜிப்புக்குள் நீளமாக, தட்டையாக இன்னொன்றும் தெரிந்தது.

"ஒரு நிமிஷம் நில்லுங்க," என்றாள். குரல் கடை வாசல் குரல். "பையைத் திறந்து காட்டுங்க."

அவன் எதிர்பார்க்கவில்லை. இந்த ஜென்மத்தில் அத்தை தன் பையைத் திறக்கச் சொல்ல மாட்டாள் என்ற தைரியத்தில் வந்தவன், நேற்று மாதிரியே தெருமுனை வரை போகலாம் என்று இருந்தவன். "அத்தை..." என்று இழுத்தான்.

"நான் கை வைக்க மாட்டேன். நீங்களே திறங்க."

திறந்தான். அவள் குனிந்து பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "டிபன் பாக்ஸ் ஒண்ணு. தண்ணி பாட்டில் ஒண்ணு. துண்டு ஒண்ணு. குடை ஒண்ணு. சாக்ஸ் பாக்கெட் ஒண்ணு, கடைச் சீட்டோட. இதுக்கு பில் இருக்கா?"

"இல்ல."

நாற்பது பேரும் கைதட்டினார்கள். விசிலும் சந்தோஷமாக ஊதப் போனார். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"பக்கத்து ஜிப்பையும் திறங்க மாப்பிள்ளை."

விசில் குழம்பினார். "அதுல நான் ஒண்ணும் வைக்கலயேம்மா?"

"நீங்க வைக்கல சார்."

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி நின்றான் மருமகன். கத்தவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. "அது வந்து... அதுல ஒண்ணுமில்ல அத்தை," என்றான். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பாடத்தில் சொன்ன மாதிரியே, பொறுமையாக. கடைசியில் அவனே ஜிப்பை இழுத்தான்.

"டிவி ரிமோட் ஒண்ணு," என்றாள் எக்ஸ்ரே. "கறுப்பு. பின்மூடி கிடையாது. பேட்டரி விழாம இருக்க ரப்பர் பேண்டு சுத்தியிருக்கு. என் தலைமுடி ரப்பர் பேண்டு."

கோபம் பின்னால்தான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. தனக்கு ஒன்றுமில்லை. தலை நன்றாகத்தான் இருக்கிறது. அடுப்பை அணைத்தது அணைத்ததுதான், வைத்த இடத்தில் வைத்தது வைத்ததுதான். ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் உருண்டு போனதில் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள் என்றுகூடச் சொல்லலாம். பார்த்தவர்கள் பாஸான சந்தோஷம் என்று நினைத்தார்கள்.

"இது யாரோடது?" என்றார் விசில்.

"எங்க... எங்க வீட்டு ரிமோட் சார்," என்றான் அவன் தரையைப் பார்த்து.

அவர் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எத்தனை வருஷப் போலீஸ் மூளை, குடும்ப விவகாரம் என்று புரியாமல் போகுமா? சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசிக் கேள்வியைக் கேட்டார். "இப்ப இந்தப் பொருளைப் பிடுங்கி வச்சுக்க உங்களுக்கு உரிமை உண்டாம்மா?"

"கிடையாது சார். கேக்கலாம், பாக்கலாம். சொல்ல வேண்டிய எடத்துல சொல்லலாம்."

"சொல்ல வேண்டிய எடம் எது?"

"வீடு சார்."

விசில் நீளமாக ஊதினார். பாஸ். கைரேகை பதிய மேசைக்குப் போகும்போது அவள் திரும்பி, "ஜிப்பைப் போடுங்க மாப்பிள்ளை, விழுந்துடப் போவுது," என்றாள்.

பஸ்ஸில் அவள் முன்சீட்டில், அவன் கடைசிச் சீட்டில். வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் ரிமோட்டை எடுத்து மேசை மேல் வைத்தான். மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"கிடைச்சுடுச்சா! எங்கம்மா வச்சுத் தொலைச்ச? நான் சொன்னேன்ல?"

எக்ஸ்ரேயின் வாய் நிறைய வார்த்தை இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும், மருமகனின் மானம் அந்த ஹாலிலேயே கப்பலேறிவிடும். அவள் சொல்லவில்லை. அவனைப் பார்த்தபடி நின்றாள். பையை அவர்களேதான் திறக்க வேண்டும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன், பூசணிக்காயை மேசையில் வைத்த பிறகு எதை மறைப்பான்?

"அத்தை தொலைக்கல. நான்தான்," என்றான். "காலையில நாலு மணிக்கு எந்திரிக்கணும். எட்டு மணிக்கே படுத்தாத்தான் உண்டு. டிவி நம்ம ரூம் சுவரை ஒட்டித்தான இருக்கு? பத்து மணி வரைக்கும் சீரியல்ல ஒருத்தி மாத்தி ஒருத்தி அழுவுறாங்க. வீட்டுல ஒளிச்சு வச்சா நீங்க ரெண்டு பேரும் கண்டுபிடிச்சுடுவீங்க. அதான் பையில போட்டு எடுத்துட்டுப் போயிடுவேன். லீவு நாள்ல மேட்ச் பாக்க வெளிய எடுப்பேன், கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாம... அத்தை தலையணைக்கு அடியில தள்ளி விட்டுடுவேன்."

"அடப்பாவி மனுஷா!" மகள் கரண்டியோடு பாய்ந்தாள். "எங்கம்மாவுக்கு மூளை கெட்டுப் போச்சுன்னு ஒரு மாசமா..."

பாதியில் நின்றுவிட்டாள். ஒரு மாதமாக அதைச் சொன்னது யார் என்று அவளுக்கே உறைத்துவிட்டது. கரண்டி மெல்லக் கீழே இறங்கியது. அம்மாவின் தோளில் வந்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கம்மா. நான் பயந்துட்டேம்மா."

"நான் மட்டும் பயப்படலயா?" என்றாள் எக்ஸ்ரே. மகளின் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே தலைக்கு மேலாக மருமகனைப் பார்த்து, அந்த வீட்டுக்குள் முதல் தடவையாக, நேராக அவனிடமே பேசினாள். "ஏன் மாப்பிள்ளை, சத்தத்தைக் குறைங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் குறைச்சிருக்க மாட்டேனா?"

"எப்படி அத்தை சொல்றது உங்ககிட்ட?"

"வாயாலதான்."

அட்டை வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் அவள் அதைக் கழுத்திலிருந்து கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து வைத்து டிவி போட்டாள். எட்டு மணிக்கு மருமகன் அறைக்குள் போய்விட்டான். சீரியலில் ஒருத்தி சொத்துப் பத்திரத்தைக் கிழிக்கப் போகும் கட்டம். கையில் கத்தரிக்கோல் வேறு. எக்ஸ்ரேயின் விரல் தன்னை மறந்து சத்தத்தைக் கூட்டியது.

"அத்தை, சத்தம்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மகளைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. நேராக அவளிடம், அதுவும் நல்ல எரிச்சலோடு.

"அப்படி வாங்க வழிக்கு," என்று சொல்லிக்கொண்டே அவள் சத்தத்தைக் குறைத்தாள்.